1970 தை ஒன்று

பின்னேரம் ஏழு நாற்பதுக்கு
பதினோராவது பிள்ளை வகுப்புக்குள் வரும்.
அத்தோடு ரவுட்டர் விழும்.
திரையில் பத்து முகமும் பாதிக் கொட்டாவியில் உறைய
சுகிர்தா கீறிய பென்சீன் வளையத்தின்
ஆறாவது கோடு
யோகபுரம் போய்ச் சேராது,
பாலிநகர் போய்ச் சேராது.
பதினோராவது அநேகமாக அனிச்சியங்குளத்துக் கோபிசா.
தன்னால்தான் என்று நினைத்து
இப்போதெல்லாம் வேண்டுமென்றே பிந்துகிறாள்.

கம்பனி இரண்டு பதிப்பு வைத்திருக்கிறது.
ஒன்றின் பெயர் நிலையானது.
போன ஆவணியில் வந்தது, எங்களிடம் இருப்பது.
மற்றது பீட்டா,
வெளிவருவதற்கு முந்தி வெளிவந்தது.
அதற்குக் கீழே ஒரு குறிப்பு:
பத்து இணைப்புக்கு மேல் விழுவது திருத்தப்பட்டுள்ளது.
வேறு சில நடக்கலாம்.

வேறு சில.
அந்த இரண்டு சொல்லோடு நாலு இரவு படுத்தோம்.

நான் கமநல சேவை நிலையத்தில் இருக்கிறவன்.
புது நெல் வந்தால்
முதற்போகம் மூலைத் தட்டில் மட்டும் விதையுங்கோ என்று
வவுனிக்குளத்துத் தண்ணியில் செய்கிற அத்தனை பேருக்கும்
சொல்லிச் சொல்லி வாய் பழகினவன்.
அதைத்தான் இவளுக்கும் சொன்னேன்.
"எங்களிட்ட இருக்கிறது ஒரு ரவுட்டர்.
அதில மூலைத் தட்டு எங்க?" என்றாள்.

பிறகு, பேப்பர் திருத்தியபடி, நிமிராமல்:
"நிலையானது எண்டால் விழாது எண்டே நினைச்சீங்கள்?
எத்தினை மணிக்கு விழும் எண்டு தெரியும்.
அவ்வளவுதான்."

ஐப்பசி, சனி இரவு பதினொன்றரை.
மேற்கில் மின்னிக்கொண்டிருந்தது.
லாண்ட்மாஸ்டரின் பற்றறியைக் கழற்றி
இன்வேட்டரில் கொழுவி
கிறீஸ் கையோடு கதவடியில் நின்றேன்.
அவள்தான் அமத்தினாள்.

மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம் என்று
சிவப்பில் எழுதி வந்தது,
துண்டிக்கிறது நாங்கள் என்பது போல.

பன்னிரண்டு. இருபத்தேழு. நாற்பது.
அறுபத்தொன்றில் காற்றாடி நின்றது.
தெருவிளக்கு நின்றது.
முன்வீட்டு ரீவி ஒரு வசனத்தின் நடுவில் நின்றது.
மஞ்சள் விளக்கு மட்டும்
உழவு யந்திரத்தின் தயவில்
கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
நாலு நிமிடம் நாங்கள் இருவரும்
ஒரு சின்னப் பெட்டியின் மூச்சை எண்ணினோம்.
பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவுகளிலும்
இப்படிச் சத்தமில்லாமல் இருந்ததில்லை.

பச்சை வந்தது.

திங்கள் பதினொரு பேர்.
செவ்வாய் பதின்மூன்று.
ஏழு நாற்பது வந்தது, போனது,
ஏழு நாற்பத்தொன்றை
அந்த வீட்டில் முதன்முதலாகக் கண்டோம்.

வேறு சில, புதன்கிழமை வந்தது.

கறண்ட் போய்த் திரும்பினால்
ரவுட்டருக்குத் திகதி மறந்துவிடுகிறது.
எழும்பி, முகம் கழுவாத ஆள் மாதிரி,
இன்று 1970 தை முதலாம் திகதி என்கிறது.
எவரோ எங்கிருந்தோ நேரம் சொல்லும்வரை
இரண்டு நிமிடம் அதில் அசையாது நிற்கிறது.
வங்கி உள்ளே விடாது.
எங்களுடைய எல்லாச் சான்றிதழும்
இன்னும் பிறக்கவில்லையாம்.

இந்த வளவில் இது மூன்றாவது வீடு.
ரவுட்டர் சொல்லும் நாளில்
முதலாவது நின்றிருக்கும்,
ஓலைக் கூரையும் புதுக் கிணறுமாக.
இரண்டாவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.
அது எந்த மாதத்தில் இல்லாமல் போனது என்றும்,
கிணற்றுக்குள் நாங்கள் எதை இறக்கிவிட்டுப் போனோம் என்றும்.

பழைய பதிப்புக்குத் திரும்ப
ஒரு பொத்தான் இருக்கிறது.
"திரும்புவமோ?" என்று சுகிர்தா கேட்டாள்.
பரீட்சை முடியட்டும் என்றேன்.
பரீட்சை கார்த்திகையில்.
அதற்குப் பிறகும் ஏதாவது சொல்வேன் என்று
அவளுக்குத் தெரியும்.

நேற்றும் ஏழரைக்குக் கறண்ட் போய் வந்தது.
திருத்திவிடலாம், கையால் திகதி அடிக்கலாம்,
அரை நிமிட வேலை.
நான் அடிக்கவில்லை.
மஞ்சள் விளக்குச் சிமிட்டும்வரை
வளவு அந்தத் தையில் இருந்தது.
ஒருவரும் இன்னும் எங்கும் போயிருக்கவில்லை.

பிறகு பச்சை.
பிறகு கோபிசா,
"மிஸ், சத்தம் கேக்குதோ?"